பத்து ரூபாய் கண்டன்சரும் பரண்மேல் டிவியும்

பள்ளிப்பட்டு பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் காதில் முதலில் விழுவது தறிச் சத்தம்தான். திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது இந்த ஊர். இதுவும், பக்கத்திலுள்ள பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, ஆர்.கே.பேட்டையும் விசைத்தறியை நம்பிப் பிழைப்பவை. தறியில் நாடா தேய்ந்தால் நாடா மாறும். பிக்கர் கிழிந்தால் பிக்கர் மாறும். பெல்ட் அறுந்தால் பெல்ட். மோட்டார் புகைந்தால் காயில் கட்டிக்கொண்டு வருவார்கள். பல வருடம் ஓடிய ஒரு தறியில், வாங்கியபோது இருந்த சாமான் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஆனாலும் அது அதே தறிதான். அதைப் பார்த்து யாரும் "பழமை மோகம்" என்று கிண்டல் செய்வதில்லை.

அதே வீட்டுப் பரணில் ஒரு பழைய டிவி தூசி மூடிக் கிடக்கலாம். ஒருநாள் படம் சுருங்கியது, அப்புறம் நடுவில் ஒரு கோடு மட்டும் நின்றது, அதோடு சரி. "செத்துப்போச்சு" என்று தீர்ப்பு எழுதி மேலே ஏற்றியாகிவிட்டது. அடுத்த வீடு மாற்றும்போது பழைய இரும்புக் கடைக்குப் போகும். அதற்குத் தேவைப்பட்டது பல நேரம் ஒரு பத்து, இருபது ரூபாய் கண்டன்சர்தான் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

தறிக்கு ஒரு நியாயம், டிவிக்கு ஒரு நியாயம். ஏன் இப்படி?

"தறி சோறு போடுது, டிவி சோறு போடுதா?" என்று உடனே கேட்கலாம். நல்ல கேள்விதான். பதில் கடைசியில் வரும். முதலில் சொல்ல வேண்டியது இது: ஒரு பழைய டிவியின் சேசிஸைத் திறந்து, கெட்டுப்போன பாகத்தை மட்டும் கண்டுபிடித்து மாற்றி, அதற்கு மறுபடி உயிர் கொடுப்பது வெட்டி வேலை அல்ல. ஒரு பொருளை எப்படிச் செய்ய வேண்டும், எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம். அந்தப் பாடத்தை மறந்ததற்கு இன்று எல்லா வீடும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

டிவி வந்த கதை

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னைக்கு வர 1975 ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளிப்பட்டு சென்னையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். நடுவில் குன்றுகள் வேறு. அவ்வளவு தூரத்துக்கு அலையைப் பிடிக்க, மாடியில் உயரமான பைப், அதன் உச்சியில் ஆண்டெனா, கூடவே ஒரு பூஸ்டர். காற்றடித்தால் ஆண்டெனா திரும்பிக்கொள்ளும். ஒருத்தர் மாடியில், ஒருத்தர் டிவி முன்னால். "வந்துச்சா?" "இல்ல... இன்னும் கொஞ்சம்... ஆங், நிறுத்து நிறுத்து!" இந்த வசனம் பேசாத ஊர் தமிழ்நாட்டில் இருந்திருக்காது.

அன்று கிடைத்த டிவிகளில் டயனோராவும் சாலிடேரும் சென்னை தயாரிப்புகள். ஹைதராபாத்திலிருந்து இ.சி.ஐ.எல். என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இ.சி. டிவி, கேரளத்திலிருந்து கெல்ட்ரான். மரப்பெட்டி, இழுத்து மூடுகிற ஷட்டர், சிலவற்றில் பூட்டு. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க அந்த ஷட்டர் திறக்கும்வரை தெருவே வாசலில் உட்கார்ந்திருக்கும். 1982-ல், ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த வருடத்தில், கலர் வந்தது. அதன் பிறகு ஒனிடா, பி.பி.எல்., வீடியோகான் என்று வரிசையாக வந்தன.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுக் குணம் உண்டு. பின்பக்கம் நாலைந்து ஸ்க்ரூ கழற்றினால் மூடி வந்துவிடும். உள்ளே சேசிஸ் முழுதும் கண்ணுக்குத் தெரியும். பல கம்பெனிகள் சர்க்யூட் படத்தையும் கூடவே கொடுத்தன. போர்டின் மேல் ஒவ்வொரு பாகத்துக்கும் நம்பர் அச்சடித்திருக்கும். அதாவது, "இது ஒருநாள் ரிப்பேர் ஆகும், அன்றைக்கு யாரோ ஒருவர் இதைத் திறப்பார்" என்று நினைத்துச் செய்த பொருள்.

பழைய டிவி என்றதும் ஷட்டர் டிவியை மட்டும் நினைக்க வேண்டாம். 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச கலர் டிவி திட்டத்தைத் தொடங்கியது. 2011-ல் ஆட்சி மாறித் திட்டம் நிற்பதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 இஞ்ச் டிவிகள் வீடுகளுக்குப் போயின. அவற்றுக்கும் இப்போது பதினைந்து, இருபது வயது ஆகிவிட்டது. ஆகவே பழைய சேசிஸை என்ன செய்வது என்பது நாலு பணக்காரச் சேகரிப்பாளர்களின் கவலை அல்ல. அரிசி வாங்கும் ரேஷன் கார்டு வைத்திருக்கும் வீடுகளின் கவலை.

உள்ளே எது கிழமாகிறது?

டிவிக்கு வயதானால் எல்லாப் பாகமும் சேர்ந்து கிழமாவதில்லை. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். ஐசி, டிரான்சிஸ்டர், காயில், சாதாரண ரெசிஸ்டர் எல்லாம் அதிகச் சூடு படாமல், வோல்டேஜ் ஏறாமல் இருந்தால் முப்பது நாற்பது வருடம் அப்படியே இருக்கும். முதலில் விழுவது எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர். புத்தகத்தில் கெப்பாசிட்டர், கடையில் கண்டன்சர். இரண்டும் ஒன்றுதான்.

அந்தச் சின்ன அலுமினிய டப்பாவுக்குள் இருப்பது சுருட்டிய இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவில் ஒரு திரவத்தில் நனைத்த காகிதம். அடியில் ரப்பர் மூடி. வருடக்கணக்கில் சூட்டில் இருக்கும்போது அந்தத் திரவம் மூடி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடும். ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் வற்றுகிற மாதிரி. திரவம் வற்ற வற்ற, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சக்தி குறையும், உள்ளே தடை ஏறும். பொதுவான கணக்கு என்னவென்றால், சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகக் குறையும். அதனால்தான் ஒரே போர்டில், ஒரே நாளில் பொருத்திய இரண்டு கண்டன்சர்களில், ஹீட் சிங்க்கை ஒட்டி நிற்பது செத்துப்போயிருக்க, ஓரத்தில் நிற்பது புதுசு போல இருக்கிறது.

எது செத்தது என்பதை டிவியே சொல்லிவிடும். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படத்தின் குறுக்கே கருப்புப் பட்டை மெதுவாக மேலே ஏறிக்கொண்டே இருந்தால், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கண்டன்சரைப் பார்க்க வேண்டும். படம் மேலும் கீழும் சுருங்கினால், மேல்பகுதி மடிந்து தெரிந்தால், வெர்டிகல் பகுதியின் கண்டன்சர்கள். முழுதும் சுருங்கி நடுவில் ஒரே வெள்ளைக் கோடு நின்றால், வெர்டிகல் பகுதி மொத்தமாக நின்றுவிட்டது என்று அர்த்தம். கருப்பு வெள்ளை டிவிகளில் அந்த வேலையைச் செய்த டி.டி.ஏ. 1170 என்ற ஐசியை உடனே மாற்றுவார்கள் சிலர். ஐசி மேல் பழி போடுவதற்கு முன்னால் அதைச் சுற்றியிருக்கும் கண்டன்சர்களையும், அதன் கால்களில் இருக்கும் ஈயத்தையும் பார்த்திருந்தால் பாதி நேரம் வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

ஈயம் என்றதும் இன்னொன்று. டிவி தலையில் ஒரு தட்டு தட்டினால் படம் வருமே, அது ஏன்? அதில் மாயம் ஒன்றும் இல்லை. எடை அதிகமான பாகங்களும், அடிக்கடி சூடாகி ஆறும் பாகங்களும் நிற்கும் இடத்தில், போர்டுக்கு அடியில் பற்றவைத்த ஈயத்தில் மோதிரம் மாதிரி ஒரு மெல்லிய வெடிப்பு விழும். டிரை சால்டர் என்பார்கள். தட்டினால் வெடிப்பு ஒட்டிக்கொள்ளும், படம் வரும். அடுத்த வாரம் மறுபடி போகும். இதற்குப் பாகமே மாற்ற வேண்டாம். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் போதும். எத்தனை டிவிகள் இந்த ஒரு வெடிப்புக்காகப் பரண் ஏறியிருக்கும்!

எல்லாவற்றையும் மாற்றலாமா?

பழைய சேசிஸைத் திறப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, "கண்டன்சர் என்று பெயர் இருந்தால் அத்தனையையும் பிடுங்கிப் புதுசு போடு" என்கிறது. இன்னொரு கட்சி, "ஓடுகிற வரைக்கும் ஒன்றையும் தொடாதே" என்கிறது. இரண்டுமே சோம்பேறித்தனம். முதல் கட்சிக்கு அளக்கச் சோம்பல், இரண்டாவதற்குத் திறக்கச் சோம்பல்.

சரியான வழி நடுவில் இருக்கிறது. சூடான இடத்தில் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக்குகளைச் சந்தேகம் இல்லாமல் மாற்றலாம். அவை இன்று ஓடினாலும் நாளைக்குப் போகும். மற்றவற்றை அளந்து பார்த்து மாற்ற வேண்டும். மல்டிமீட்டரோடு ஒரு இ.எஸ்.ஆர். மீட்டரும் இருந்தால், கண்டன்சரின் உள் தடையைப் பெரும்பாலும் போர்டில் இருந்தபடியே பார்க்கலாம். அதிக மதிப்புள்ள பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதானால் மதிப்பு ஏறிக்கொள்ளும். அவற்றை ஒரு காலைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மாற்றினால் என்ன நஷ்டம்? காசு பெரிய நஷ்டம் இல்லை. பழைய போர்டுகள் பழுப்பு நிறக் காகித போர்டுகள். ஒவ்வொரு முறை ஈயத்தை உருக்கும்போதும் அடியிலுள்ள செம்புக் கோடு பிய்ந்து வரும் ஆபத்து இருக்கிறது. நாற்பது இடத்தில் கை வைத்தால் நாற்பது வாய்ப்பு. பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டால் எலக்ட்ரோலிட்டிக் வெடிக்கும். எல்லாம் முடித்து ஆன் செய்யும்போது டிவி ஓடவில்லை என்றால், பழைய கோளாறா, புதிதாகச் செய்த கோளாறா என்று பிரம்மாவுக்கும் தெரியாது. அதனால்தான் நல்ல மெக்கானிக் ஒன்றை மாற்றுவார், ஓட்டிப் பார்ப்பார், அடுத்ததை மாற்றுவார்.

இன்னொரு காரணமும் உண்டு. புதுசு என்றால் நல்லது என்று அர்த்தம் இல்லை. 1999 முதல் 2007 வரை உலகம் முழுக்க கம்ப்யூட்டர் மதர்போர்டுகளிலும் மானிட்டர்களிலும் கண்டன்சர்கள் இரண்டு மூன்று வருடத்திலேயே தலை வீங்கி வெடித்தன. உள்ளே ஊற்றிய திரவமே தப்பாக இருந்தது. நல்ல நிலையில் இருக்கும் பழைய பாகத்தைப் பிடுங்கிவிட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாத புதுசைப் போடுவது, கல்தூணை இடித்துவிட்டு சிமெண்ட் தூண் வைக்கும் திருப்பணி மாதிரி. கோயிலில் மணலை வீசிச் சுத்தம் செய்கிறேன் என்று கல்வெட்டுகளைத் தேய்த்த கதை தமிழ்நாட்டுக்குத் தெரியும். சுண்ணாம்பு உதிர்ந்தால் சுண்ணாம்பு பூச வேண்டும். கல்லைத் தொடக்கூடாது.

மாற்றும்போது விதிகள் எளிது. கொள்ளளவு அதே அளவு. வோல்டேஜ் அதே அல்லது கொஞ்சம் கூட, குறையக்கூடாது. 85 டிகிரி இருந்த இடத்தில் 105 டிகிரி போட்டால் ஆயுள் கூடும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. ஹாரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் பக்கத்தில், ஆயிரத்துக்கு மேல் வோல்டேஜ் தாங்கும் சில கண்டன்சர்கள் இருக்கும். அவற்றின் மதிப்பு குறைந்தால் பிக்சர் டியூபுக்குப் போகும் ஹை வோல்டேஜ் தாறுமாறாக ஏறிவிடும். டிரான்சிஸ்டர் வெடிக்கலாம், எக்ஸ்ரே கசிவு கூடலாம். அங்கே சொன்ன மதிப்பு, சொன்ன ரகம், அதுவே போட வேண்டும்.

உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. பல பழைய செட்டுகளில் சேசிஸே கரண்ட் லைனோடு நேரடியாக இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் உலோகச் சட்டமே ஷாக் அடிக்கும். கலர் பிக்சர் டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் டியூபிலும் பெரிய கண்டன்சரிலும் மின்சாரம் தங்கியிருக்கும். டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர் மூடியைத் திறக்கவே கூடாது. நல்ல மெக்கானிக் ரிப்பேர் செய்த செட்டை நேரடியாக பிளக்கில் செருகமாட்டார். நடுவில் ஒரு குண்டு பல்பை சீரிஸில் போடுவார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டிவி தப்பிக்கும். பத்துப் பதினைந்து ரூபாய் பல்பு ஒன்று ஆயிரக்கணக்கில் காப்பாற்றுகிற வித்தை அது. பெரும்பாலும் ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வருகிறது.

சைனா போர்டு வந்தது, மீட்டர் மூலைக்குப் போனது

2000-க்குப் பிறகு தமிழ்நாட்டு ரிப்பேர் கடைகளில் ஒரு பழக்கம் பரவியது. கலர் டிவி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, என்ன கோளாறாக இருந்தாலும் சரி, உள்ளே இருக்கும் சேசிஸைக் கழற்றி எறிந்துவிட்டு, ரிச்சி தெருவில் வாங்கிய சைனா போர்டு ஒன்றைப் பொருத்துவது. பிக்சர் டியூபும் பெட்டியும் மட்டும் பழையது. ரிமோட் புதுசு. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. ஒரு கோளாறைத் தேட நாள் முழுக்க உட்கார்ந்தால், "ஒரு கண்டன்சருக்கா இவ்ளோ காசு?" என்று வாடிக்கையாளர் கேட்பார். போர்டு மாற்றினால் கேட்கமாட்டார். கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்குக் காசு கொடுக்க மனசு வரும், கண்ணுக்குத் தெரியாத மூளைக்குக் கொடுக்க வராது. மெக்கானிக் என்ன செய்வார்? மீட்டரை மூலையில் வைத்துவிட்டு போர்டு மாற்றினார்.

விளைவு என்ன? கோளாறு கண்டுபிடிக்கும் அறிவு கடையைவிட்டுப் போனது. அடுத்து வந்த பையன்கள் போர்டு மாற்றக் கற்றுக்கொண்டார்கள், ரிப்பேர் கற்றுக்கொள்ளவில்லை. ஐ.டி.ஐ.யில் ரேடியோ டிவி மெக்கானிக் என்று ஒரு பிரிவு இருந்தது. இதே மாவட்டத்தின் இன்னொரு கோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்தவர்கள் அந்தப் பக்கம் வேலைக்குப் போவது வழக்கம். அசெம்பிளி லைனில் நின்று பாகத்தைப் பொருத்துகிறவர்கள் நிறையப் பேர். பொருத்தியது கெட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அறிந்தவர்கள் எத்தனை பேர்? பொருளைச் செய்யத் தெரிந்து, அதன் நோயைப் பார்க்கத் தெரியாமல் போவது ஆரோக்கியமான விஷயம் இல்லையே.

"யார் சார் பார்ப்பாங்க இதை?"

எதிர்த்தரப்பு நியாயங்களையும் பார்த்துவிடலாம்.

ஒன்று, நிகழ்ச்சியே வராதே! உண்மை. தூர்தர்ஷன் 2022 மார்ச்சுக்குள், முக்கியமான சில இடங்களைத் தவிர, பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டது. ஆண்டெனாவை எவ்வளவு திருப்பினாலும் இனி "வந்துச்சா"வுக்குப் பதில் வராது. ஆனால் செட்டாப் பாக்ஸில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின்கள் இருந்தால் அதை இலவச டிவியில் நேராகச் செருகலாம். ஆண்டெனா பின் மட்டுமே உள்ள ஷட்டர் டிவிக்கு நடுவில் ஒரு ஆர்.எஃப். மாடுலேட்டர் வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு, கரண்ட் செலவு. இதுவும் உண்மை. 14 இஞ்ச் கலர் டிவி இழுக்கும் மின்சாரத்தில் அதைவிடப் பெரிய எல்.இ.டி. டிவி ஓடும். வீட்டில் நாள் முழுக்க ஓடும் ஒரே டிவியாகப் பழைய செட்டை வைத்துக்கொள்ளச் சொல்வது நியாயம் இல்லை.

மூன்று, பிக்சர் டியூப். கண்டன்சர் கடையில் கிடைக்கும், டியூப் கிடைக்காது. அதைத் தயாரித்த ஆலைகள் மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. டியூப் மங்கிய செட்டில் எத்தனை கண்டன்சர் மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. எனவே எல்லா டிவியையும் காப்பாற்ற முடியாது, வேண்டியதும் இல்லை. முதலில் டியூபைச் சோதித்து, நல்லதாக இருந்தால் மட்டும் சேசிஸில் கை வைக்க வேண்டும். டியூப் போன செட், மற்றதுக்குப் பாகம் தரலாம்.

ஆனால் தூக்கி எறிவதும் சும்மா நடக்கிற காரியம் அல்ல. கலர் பிக்சர் டியூபின் பின்பக்கப் புனல் மாதிரி இருக்கும் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. எக்ஸ்ரேயைத் தடுக்க வைத்தது. பழைய சாமான் எடுப்பவர் செம்புக் காயிலையும் ஒயரையும் உருவிக்கொள்வார். அதில் காசு இருக்கிறது. கண்ணாடியில் காசு இல்லை. அது உடைந்து ஏதாவது ஓடை ஓரத்தில் கிடக்கும். பள்ளிப்பட்டுப் பக்கத்து மழைநீர் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. பூண்டித் தண்ணீர் சென்னைக்குக் குடிதண்ணீர். பரணிலிருந்து இறக்கிய டிவி எங்கே போய்ச் சேரும் என்று யோசிக்க இது போதும்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகள், தயாரிப்பாளர்தான் மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்கின்றன. சரி, டிவி தயாரிப்பையே விட்டுவிட்ட கம்பெனிகளின் பழைய செட்டுகளுக்கு யார் பொறுப்பு? ஓடுகிற ஒவ்வொரு பழைய டிவியும், குறைந்தபட்சம் அது ஓடும்வரை, அந்தக் கண்ணாடியை உடையாமல் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஷட்டர் டிவியின் உள்ளே இருப்பதையெல்லாம் உருவிவிட்டு மீன் தொட்டி ஆக்குகிறார்களே, அது பாதுகாப்பு அல்ல. அழகாக இருக்கலாம். ஆனால் வீணையின் தந்திகளைப் பிடுங்கிவிட்டு சுவரில் மாட்டுவது போலத்தான்.

புது டிவி கேட்க வேண்டிய பாடம்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பழைய டிவி சோறு போடாது. ஆனால் அதை ரிப்பேர் செய்யும் அறிவு சோறு போடும், காசையும் மிச்சம் பிடிக்கும்.

இன்றைய எல்.இ.டி. டிவியில் அடிக்கடி வரும் ஒரு கோளாறு, சத்தம் வரும், படம் வராது. டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரியும். பின்னால் வெளிச்சம் தரும் எல்.இ.டி. பட்டையில் ஒரே ஒரு சில்லு போயிருக்கும். வரிசையாகக் கோர்த்திருப்பதால் ஒன்று போனால் அந்த வரிசை முழுக்க இருட்டு. இதுவும் அதே பழைய கதைதானே? செத்தது ஒன்று, மற்றதெல்லாம் உயிரோடு. பழைய சேசிஸில் கை பழகியவருக்கு இது புரியும். அவர் பட்டையை மாற்றித் தருவார். போர்டு மாற்றிப் பழகியவர், "பேனல் போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்பார்.

அறிவு இருந்தாலும் சில இடங்களில் கதவு பூட்டியிருக்கிறது. சர்க்யூட் படம் கிடைக்காது, பாகம் தனியாக விற்பதில்லை, பேனல் விலை கிட்டத்தட்டப் புது டிவி விலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. டிவி கம்பெனிகள் ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு வருடம் மெக்கானிக்குகளுக்கு உதிரிப் பாகம் தர வேண்டும். அந்தப் பட்டியலில் பவர் சப்ளையோடு, 400 மைக்ரோஃபாரட்டுக்கு மேற்பட்ட கண்டன்சர்களும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. ஆமாம், அதே கண்டன்சர்தான்! ரிச்சி தெருவில் யாரும் பெரிதாக மதிக்காத சாமானைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவிலும் பேச்சு தொடங்கியிருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்து ஒரு குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கான இணையதளம் திறக்கப்பட்டது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு துறைகளில் கம்பெனிகள் தங்கள் ரிப்பேர் விவரங்களை அதில் தரலாம். நல்ல ஆரம்பம். ஆனால் "தரலாம்" என்பது "தர வேண்டும்" என்று மாறாதவரை அது விளம்பரப் பலகை மாதிரிதான்.

அரசே ஒன்றரைக் கோடி டிவிகளை வாங்கி வினியோகித்த மாநிலம் இது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்தக் கம்பெனி மறுக்கும்? அடுத்த முறை மிக்சியோ லேப்டாப்போ எது வாங்கிக் கொடுத்தாலும், டெண்டரிலேயே ஒரு வரி சேர்க்கலாம்: சர்க்யூட் படமும், பத்து வருடத்துக்கு உதிரிப் பாகமும் தர வேண்டும், ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு ஐ.டி.ஐ. பையன் அதைத் திறந்து சரிசெய்ய முடிய வேண்டும். இலவசமாகக் கொடுத்த பொருள் கூடவே ஒரு தொழிலையும் கொடுத்திருக்கும்.

அதுவரை மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்கள் ஆர்.சி. சர்க்யூட்டைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். அதே சர்க்யூட் வீட்டுப் பரணில் தூசியோடு கிடக்கிறது. ஊரில் இன்னும் சீரிஸ் பல்பு வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவரோடு உட்கார்ந்து அந்தச் சேசிஸைத் திறக்கலாம். தனியாகத் திறக்க வேண்டாம், முன்பே சொன்ன ஆபத்துகள் நிஜமானவை. அவர் எங்கே முதலில் மீட்டர் வைக்கிறார், ஏன் அங்கே வைக்கிறார் என்று கேட்கலாம். அந்த 'ஏன்' பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் கடையை மூடினால் அதோடு போய்விடும்.

பள்ளிப்பட்டில் நாளைக்கும் தறி ஓடும். நாடா தேய்ந்தால் யாரும் தறியை எடைக்குப் போடப்போவதில்லை. புது நாடா வாங்கிவந்து மாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். டிவிக்கும் அந்த ஒரு மரியாதையைக் கொடுத்துப் பார்த்தால் என்ன?